எதிர் வீட்டுக்குப் போகாத மாதா

வாங்க சார், வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க. கடக்கரை ஊர்ல செருப்பக் கழட்டினா என்ன, கழட்டாட்டி என்ன, எங்க பாத்தாலும் மணலு. பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வந்த வாத்தியாருன்னு புரோக்கர் சொன்னான். நல்லது. படிச்ச மனுசன் ஒருத்தர் இந்த வீட்டுக்கு வந்தா எனக்குச் சந்தோசந்தான்.

இது அடுப்படி. கடப்பாக்கல்லு மேடை, நானே நின்னு போட்டது. பின்னால கிணறு. கடலுக்கு இம்புட்டுக் கிட்டக்க இருந்தும் தண்ணி உப்புக் கரிக்காது, வேணும்னா குடிச்சுப் பாருங்க. மேல மொட்டை மாடி, காத்து பிச்சுக்கிட்டுப் போவும். ஒரு குறை சொல்ல முடியாது. விலையைப் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம், அதெல்லாம் பேசிக்கிடலாம்.

முன்னறையா? இருங்க, தெறக்கேன். சாவி இங்கதான் அரைஞாண்ல கெடக்கு. ஆங். சார், இங்கன மட்டும் செருப்பைக் கழட்டிருங்க. இல்ல, ஒண்ணுமில்ல. இப்பத்தான் துடைச்சேன், அதான்.

எது? அந்த மூலையில போர்வை போத்தி நிக்கிதே, அதுவா? அது ஒண்ணுமில்ல சார். மாதா சுரூபம். சாந்து பொம்மை. உள்ள கம்பி, மேல சாந்து, அதுக்கு மேல நீலப் பெயிண்டு. ரெண்டடி உயரம் இருக்குமா, அவ்வளவுதான். நீங்க வேற சாமி கும்பிடுறவரு, உங்களுக்கு இது ஒரு விசயமே இல்ல. எனக்கும் இல்ல. உக்காருங்க, அந்த நாற்காலியில உக்காருங்க. இந்தப் பக்கமா திருப்பிப் போட்டுக்கிடுங்க, அதுக்கு முதுகு காட்ட வேண்டாம்.

நான் ஆர்சி இல்ல சார். பொறந்தது ஆர்சி, கத்தோலிக்கக் குடும்பம். எங்க அப்பா இந்த ஊர்க் கோயில்ல உபதேசியாரு, பூசைக்கு மணி அடிச்சதிலேருந்து பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தது வரைக்கும் அவருதான். எனக்குச் சூசைன்னு பேரு வச்சதும் அவருதான். இப்ப நான் சுரூபம் கும்பிடாத சபைக்குப் போறேன். போறேன்னா... அதைப் பொறவு சொல்லுதேன்.

ஒரு காலத்துல பெரிய குடிகாரன் சார் நான். மறைக்க என்ன இருக்கு, தெருவைக் கேட்டா சொல்லிரும். கோயில் வாசல்ல கெபி இருக்குல்லா, சுரூபம் வைக்கிற கல்லுக் குகை, அதுக்கு முன்னாலதான் விழுந்து கெடப்பேன். மேல அந்தோணியாரு பாத்துக்கிட்டே நிப்பாரு. ஒரு நாளாவது 'எந்திரிலே'ன்னு சொன்னாரா? சொல்லல. சபைப் பாஸ்டர் வந்து கையைப் பிடிச்சுத் தூக்குனாரு. என் வாந்தியைத் தன் சட்டையில வாங்குனாரு. அன்னைக்கு விட்டவன்தான், இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு தொடல. அப்போ எது பெரிசு? உசுருள்ள மனுசனா, உசுரில்லாத சுரூபமா? நீங்களே சொல்லுங்க.

அதனாலதான் வீட்டுல இருந்த அத்தனையும் இறக்குனேன். திரு இருதயப் படம், அந்தோணியாரு, சூசையப்பரு, எல்லாம். கட்டில் தலைமாட்டுல இருந்த சிலுவையையும் விடல. என் வீட்டுக்காரி பிரகாசி அழுதா. 'அதுல தொங்குறது யாருன்னு தெரியுமா? அவரையுமா வெளிய அனுப்புறீங்க'ன்னா. 'அவரு உயிர்த்துப் போயாச்சுட்டீ. நீங்கதான் இன்னும் எறக்காமத் தொங்க விட்டிருக்கீங்க'ன்னேன். எப்படி? சபையில சாட்சி சொன்னப்போ இதைச் சொன்னேன், எல்லாரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு கை தட்டிட்டாங்க.

ஆனா அவளுக்கும் வாய் இருக்குல்லா. எங்க அப்பா போட்டோ ஒண்ணு மாலை போட்டு அந்தச் சுவர்ல மாட்டியிருந்தேன். அதைக் காட்டி, 'இது உங்க அப்பாவா, வெறும் தாளா? தாள்னா எதுக்குக் காலையில எந்திரிச்சதும் அது மூஞ்சியில முழிக்கீங்க'ன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. ஏணியைப் போட்டு அப்பாவையும் இறக்கிட்டேன். அந்தா பாருங்க, சட்டம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாத் தெரியுதுல்லா, சுண்ணாம்பு அடிச்சும் போக மாட்டேங்குது. அதுக்குப் பொறவு பிரகாசி என்கிட்ட எதிர்த்துப் பேசுறதை விட்டுட்டா. செபமாலையைக் கொண்டு போய் அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டா. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். அக்டோபர் மாசம் ஆர்சிக்காரங்களுக்குச் செபமாலை மாசம். எங்க தெருவுல அந்த மாசம் மாதா சுரூபம் வீடு வீடாப் போகும். இன்னைக்கு இந்த வீட்டுல இருந்தா நாளைக்குச் சாயங்காலம் அடுத்த வீடு. அதுல ஒரு வழக்கம் இருக்கு, கேட்டுக்கிடுங்க. மாதா எந்த வீட்டுல இருக்கோ, அந்த வீட்டுக்காரங்க கையாலதான் தூக்கிட்டுப் போய் அடுத்த வீட்டுல கொடுக்கணும். வேற யாரும் நடுவுல கை வைக்கக் கூடாது, சாமியாரா இருந்தாலும் சரி. வாங்குற வீடு வாசல்ல பாயை விரிச்சு, மேசையில வெள்ளைத் துணி போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி நிக்கணும். தெருவே பின்னால பாடிக்கிட்டு வரும். இன்னொண்ணு, மாதா வாரதுன்னா அன்னைக்கு அந்த வீட்டு ஆம்பளை கடலுக்குப் போக மாட்டான். மீன் கொட்டிக் கெடக்குன்னு சொன்னாலும் போக மாட்டான். குளிச்சு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வீட்டுலதான் இருப்பான்.

நான் சபைக்குப் போன பொறவு எங்க வீட்டைத் தாண்டிப் போயிரும். எனக்கும் நிம்மதி, அவங்களுக்கும் நிம்மதி. ஒரு வருசம் நாசரேத்துப் பக்கம் சபையோட எழுப்புதல் கூட்டம்னு நான் போயிட்டேன். அந்த நேரம் பாத்து பிரகாசி, 'எங்க வீட்டுக்கும் கொண்டாங்க'ன்னு சொல்லி வாங்கி வச்சிருக்கா. நான் மறுநாள் சாயங்காலம் வந்து நிக்கேன், இந்த அறையில டிவி இருந்த மேசையில மாதா நிக்கிது. மல்லியப்பூ மாலை. சாம்பிராணி வாடை. பிரகாசி தலைக்குக் குளிச்சுக் கூந்தலை முடிஞ்சுக்கிட்டு, 'சண்டை போடாதீங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான். கித்தேரி வீட்டுக்குக் கொடுத்துட்டு வந்துருதேன்'ன்னா.

கித்தேரின்னா எதிர் வீடு. புருசன் இல்லாதவ. டெல்வின்னு ஒத்தப் பிள்ளை, கடல் தொழிலுதான். நல்ல பையன் சார், என்னை எங்க பாத்தாலும் 'மாமா'ன்னு நின்னு பேசிட்டுத்தான் போவான். நான் குடிச்சுக் கெடந்த காலத்துல என்னைத் தோள்ல போட்டு வீட்டுல கொண்டாந்து விட்டிருக்கான்.

எனக்கு வந்த கோவத்துக்கு அதை அன்னைக்கே உடைச்சிருக்கணும். உடைக்கல. பாஸ்டருக்குப் போனைப் போட்டேன். 'பிரதர், ஆண்டவர் உங்களுக்கு ஒரு வாசலைத் திறந்திருக்காரு. அந்த விக்கிரகம் உங்க வீட்டைத் தாண்டக் கூடாது'ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பிரகாசியை வெளிய விட்டு, இந்த அறையைப் பூட்டி, சாவியை அரைஞாண்ல முடிஞ்சுக்கிட்டேன்.

தெரு திரண்டு வந்துச்சு. நான் வாசப்படியில நின்னு பிரசங்கம் பண்ணினேன் பாருங்க! பத்துக் கட்டளையிலேருந்து ஆரம்பிச்சேன். மனுசன் கையால செஞ்சதுக்கு மனுசன் மண்டி போடலாமா, கண்ணிருந்தும் பாக்காததுகிட்ட கண்ணீர் விடலாமான்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். என் வாழ்க்கையில அப்படிப் பேசினதில்ல, அம்புட்டுக் கூட்டமும் எனக்குக் கூடினதில்ல. எங்க அப்பா உபதேசியாரா நின்ன தெரு சார் அது. குடிகாரச் சூசைன்னு சிரிச்ச தெரு. அன்னைக்கு ஒருத்தன் சிரிக்கல.

கித்தேரி அவ வாசல்ல பாயை விரிச்சு நிக்கா. பக்கத்துல டெல்வின், தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில. கையில மெழுகுவர்த்தி. அவ அங்கருந்தே, 'அண்ணே, நீங்க கும்பிட வேண்டாம். தூக்கி மட்டும் கொடுங்க. எம்பிள்ளை குளிச்சுட்டு நிக்கான்'ன்னா. 'கித்தேரி, உனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன், அது வெறும் சாந்து'ன்னேன். அதுக்கு அவ சொன்னா, 'சாந்துன்னு எங்களுக்குத் தெரியாதா அண்ணே? பிள்ளைங்க கப்பல்ல வேலைக்குப் போனா தாய்மாரு போன்ல மூஞ்சியப் பாத்து முத்தம் கொடுக்காளே, போனுக்கா கொடுக்கா?' கூட்டத்துல ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. எனக்கு ரோசம் வந்துருச்சு. அதுக்குப் பொறவு இன்னும் ரொம்ப நேரம் பேசினேன்.

விளக்கு வைக்கிற நேரமும் தாண்டி, சனம் சலிச்சுப் போய்க் கலைஞ்சிருச்சு. டெல்வின் மெழுகுவர்த்தியை ஊதி அணைச்சதைப் பாத்தேன். சட்டையைக் கழட்டி அவ அம்மை கையில கொடுத்தான். 'மாதாதான் வரலையே, சும்மா உக்காந்து என்ன செய்ய'ன்னுட்டு, அவன் சித்தப்பன் வள்ளம் புறப்பட்டுக்கிட்டு இருந்துச்சு, ஓடிப் போய் ஏறிட்டான்.

அன்னைக்குக் காத்து திடீர்னு திரும்பிருச்சு. வள்ளம் கவுந்துருச்சு. மத்தவங்க நீந்திக் கரை சேந்துட்டாங்க. அவனைக் கடல் கொடுக்கல. கல்லறையில வைக்க ஒரு எலும்பு கூடக் கொடுக்கல. மூணு வருசம் ஆச்சு.

இப்ப நீங்க சொல்லுங்க சார், நீங்க படிச்சவரு. ஒரு சாந்து பொம்மை ஒரு வீட்டுக்குப் போகலைன்னா கடல்ல காத்து அடிக்குமா? அடிக்காது. அதுக்குச் சக்தி இருந்தாத்தான் என் மேல பழி. சக்தி இல்லைன்னா? ஒண்ணுமில்ல. சக்தி இல்ல சார். அதான் வேதத்துல அம்புட்டுத் தெளிவாச் சொல்லியாச்சே. நான் தெனமும் இதைத்தான் சொல்லுதேன். காலையில எந்திரிச்சதும் இந்த அறைக்கு வந்து அது மூஞ்சிக்கு நேராவே சொல்லுதேன், 'நீ சாந்து'ன்னு.

இந்தத் தெருவு என்னை ஒரு வார்த்தை திட்டல சார். அதான் எனக்கு ஆத்திரம். திட்டுங்கலே, கல்லைக் கொண்டு எறிங்கலே, நான் வசனம் சொல்லிப் பதில் சொல்லுவேன்லா? கடையில போனா சாமானைக் கட்டிக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதான். பிரகாசி ஒருத்திதான் பேசினா, அதுவும் பெட்டியைக் கட்டினதுக்குப் பொறவு. 'மாதா காப்பாத்தியிருப்பான்னு நான் சொல்லல. அந்தப் பிள்ளை அன்னைக்கு வீட்டுல இருந்திருப்பான். அதுக்குச் சாந்தே போதும்'ன்னா. சொல்லிட்டு நாகர்கோவில்ல மக வீட்டுக்குப் போனவதான். அதுக்கு என்ன அர்த்தம்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், விளங்க மாட்டேங்குது. பொம்பளைங்க பேச்சு.

பாஸ்டரு? அதை ஏன் கேக்கீங்க. ஞாயித்துக்கிழமை சபை முன்னால உடைச்சு சாட்சி சொல்லணும்னாரு. கடப்பாரையை எடுத்தேன். தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்னேன். அடுத்த வாரம் காய்ச்சல். ரெண்டு வாலிபப் பிள்ளைகளை அனுப்புறேன், அவங்க உடைச்சுருவாங்கன்னாரு. 'என் வீட்டுக்குள்ள வந்து எவன்லே கை வைக்கிறது'ன்னு கத்திட்டேன். வீடு என் வீடுல்லா சார், அந்த உரிமையிலதான் கத்தினேன். 'உங்க வீட்டுல விக்கிரகம் இருக்கிற வரைக்கும் நீங்க வர வேண்டாம் பிரதர்'ன்னு சொல்லிட்டாரு. என்னைக் குடியிலேருந்து தூக்குன கை. கோயிலும் இல்ல, சபையும் இல்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கமும் மணியும் பாட்டும் கேக்கும். நான் இங்கன உக்காந்திருப்பேன்.

ஒரு தடவை சுவரைப் பாக்கத் திருப்பி வச்சேன். முதுகைக் காட்டி நிக்கிறதைப் பாக்கச் சகிக்கல. மூலையில நின்னு அழுற மாதிரி இருந்துச்சு. திருப்பி வச்சா நேரா என்னைப் பாக்குது. அதான் போர்வை. பிரகாசியோட போர்வை, அவ விட்டுட்டுப் போனது. போன மழையில இந்த அறையில மட்டும் ஒழுகுச்சு, உடனே ஆளைக் கூப்பிட்டு மாடியில பதிச்ச தட்டோட்டை மாத்திட்டேன். என் படுக்கை மேல ஒழுகுறது இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு, அதைச் சரி பண்ணிக் கொடுத்துருதேன், கவலைப்படாதீங்க. பூனை வந்து தட்டி விட்டுரும்னு இப்பல்லாம் நான் இங்கனயே பாய் போட்டுப் படுத்துக்கிடுதேன்.

இந்தாங்க சார், இந்தச் சன்னல் கிட்ட வாங்க. நேரம் ஆயிருச்சு. அந்தா, எதிர் வீட்டுக் கதவு தெறக்குது பாருங்க. அதான் கித்தேரி. பாத்தீங்களா, பாயை விரிக்கா. இப்ப மேசையைக் கொண்டாருவா. வெள்ளைத் துணியைப் போட்டு, ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்குவா. ஆங். இப்ப மெழுகுவர்த்தி. இனி நிப்பா. கொஞ்ச நேரம் நின்னுட்டு எல்லாத்தையும் மடிச்சு உள்ள கொண்டு போயிருவா. தெனமும் சார். மழை பேஞ்சா குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா.

கோயில்ல புதுச் சுரூபம் வாங்கியாச்சு. அது வருசா வருசம் வீடு வீடாப் போகுது. அவ மட்டும் வாங்க மாட்டேன்னுட்டா. 'எனக்கு வர வேண்டியது இன்னும் அந்த வீட்டுல இருக்கு'ன்னாளாம். ஊர்க்காரங்க, நாங்க போய் எடுத்துட்டு வாரோம்னாங்க. 'வேண்டாம். வச்சிருக்கிற வீடுதான் கொண்டாரணும். அதுதான வழக்கம்'னுட்டா. நான் எப்படிக் கொண்டு போவேன்? விக்கிரகத்தைக் கையில ஏந்தித் தெருவுல நடந்தா, அதுக்கு நான் பூசையே வச்சிரலாமே. என் விசுவாசம் என்னாகிறது? சொல்லுங்க.

அதான் சார் ஒரு யோசனை பண்ணினேன். உங்களை ஏன் சாயங்காலமா வரச் சொன்னேன்? வீட்டை நீங்க வாங்கப் போறீங்க. அப்போ இது உங்க வீடு. வச்சிருக்கிற வீடுன்னா இனிமே நீங்கதான? உங்களுக்கு மதத் தடையும் கெடையாது. தூக்கிட்டுப் போய்க் கொடுத்துருங்க. தெருவைத் தாண்டினா அவ வாசல். புண்ணியமாப் போகும் சார், உங்க பிள்ளை குட்டி நல்லா இருக்கும்.

தூக்குறீங்களா? நல்லா இருப்பீங்க. இருங்க, போர்வையை எடுக்கேன். தூசி கீசி ஒண்ணும் இருக்காது. அடியில ஒரு கை, முதுகுல ஒரு கை. பாத்து, பாத்து! மாதா விரலு கதவு நிலையில இடிச்சிரப் போகுது. முந்தியே சுண்டு விரல் லேசா விரிசல் விட்டுருக்கு. நான் முன்னால போய்க் கதவைத் தெறக்கேன்.

கித்தேரி! ஏ கித்தேரி! இந்தா வருது பாரு. வாத்தியாரு கொண்டாராரு. இனிமே இது அவரு வீடு.

ஏன் சார் நின்னுட்டீங்க? என்ன, கையைக் காட்டி நிறுத்துதாளா? என்ன சொல்லுதா? 'தம்பி, இதுல உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, கொண்டு போய் வச்சிருங்க'ங்கா. சரி. இன்னும் என்னமோ சொல்லுதா. என்னைப் பாத்துத்தான் சொல்லுதா. மூணு வருசத்துல இன்னைக்குத்தான் சார் என் பக்கம் திரும்பிப் பேசுதா. கேட்டுச்சா உங்களுக்கு? 'அண்ணே, மாதா வேண்டாம். நீங்க வாங்க. வெறுங்கையோட வாங்க. எம்பிள்ளை சட்டை போட்டு நின்ன எடத்துல வந்து ஒரு வாட்டி நின்னுட்டுப் போங்க. எனக்கு அது போதும்'ங்கா.

உள்ள வாங்க சார். வந்துருங்க. கதவைச் சாத்துங்க. சன்னலையும் சாத்துங்க.

பாத்தீங்கல்லா? நான் சொன்னேன்லா? இந்த ஆர்சிக்காரங்களுக்குச் சுரூபம்னா அம்புட்டு வெறி. ஒரு பொம்மைக்காக மூணு வருசமா வாசல்ல நிக்கா. இவங்களைத் திருத்தவே முடியாது சார். இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல.

அதை அங்கனயே வைங்க. மெதுவா. சுவரைப் பாக்க வேண்டாம். என்னைப் பாக்கவும் வேண்டாம். கொஞ்சம் சாய்ச்சு, சன்னலைப் பாக்க வைங்க. போதும், போதும். போர்வை வேண்டாம், இன்னைக்கு ரொம்பப் புழுக்கமா இருக்கு.

கிளம்பிட்டீங்களா? காப்பி கூடக் குடிக்கலையே. சரி, வீட்டுல கலந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. கிணத்துத் தண்ணியைப் பத்திச் சொன்னேன்லா, மறந்துராதீங்க.

சார், சார்! அந்தச் சுவிட்சைத் தொடாதீங்க. லைட்டு எரியட்டும். எனக்கு இருட்டுன்னா ஒரு பயமும் கெடையாது. அது தனியா நிக்கும்லா, அதான்.